ஈப்பெட்டி

வெஸ்லி மொன்டானாவுக்குத் திரும்பும்போது
தூண்டிலையும் ஈப்பெட்டியையும்
நூற்றிருபது வெள்ளிக்குத் தந்துவிட்டுப் போனான்.
அவன் கொண்டோவில் மின்தூக்கி பழுதானால்
நான்தான் போவேன். அவ்வளவு பழக்கம்.

அரிசி அளவில் கொக்கிகள்.
கறுப்பு நூல், சாம்பல் இறகு, ஒரு சுற்றுச் செப்புக்கம்பி.
மலையோடை டிரவுட் மீனுக்கான குளிர்கால ஈக்கள்.
மூடியின் உள்பக்கம் அவன் கையெழுத்து:
பனிக்காலத்தில் மீன் நகராது, அதன் வாய்க்கே கொண்டுபோ.
வளையத்தில் பனி உறைந்தால் வாயால் ஊது.
விரல் மரத்தால் அக்குளில் வை.

இந்துராணி பெட்டியைக் கண்டெடுத்தது
உறைபெட்டியில், இறாலுக்கும் பிராட்டாவுக்கும் நடுவே.
"இது எதுக்கு இங்க?"
"அதுக்குப் பழகின இடம்."
அன்றிரவு அவள் ஒவ்வொரு பிராட்டாவையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுட்டாள்.

டிசம்பர் கடைசி. மூன்று நாளாய் மழை.
இருபத்திரண்டு டிகிரி என்று வானொலி
துக்கச் செய்திபோல் சொல்கிறது.
பேருந்தில் எல்லாரும் கம்பளிச் சட்டை.
இதைவிட ஒரு குளிர்காலம் எனக்கு வாய்க்காது,
விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

லோவர் சிலேத்தார்.
பலகை நான்கு மொழியில் சொல்கிறது:
செயற்கை இரை மட்டும்.
தமிழ் கடைசி வரியில், லேசாய்ப் பாசி பிடித்து.
மலை இல்லை. மழைநீர்க் கால்வாய் ஒன்று
சிமெண்டுப் படிகளில் நுரைத்து இறங்கும் முனை இருக்கிறது.
அங்கே நின்றேன்.
வளையங்களை ஒவ்வொன்றாய் ஊதினேன்,
எழுதி வைத்திருக்கிறானே.

இந்தத் தூண்டிலில் எடை நூலுக்குத்தான், ஈக்கு இல்லை.
முன்னால் வீச
முதலில் பின்னால் வீச வேண்டும்.
போன நூல் முழுதாய் நீளும்வரை
கை அப்படியே நிற்க வேண்டும்.
இருபது வருஷம் மின்தூக்கிக் குழிக்குள் நின்றவனுக்கு
காத்திருக்கத் தெரியும்.
திரும்பிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

நூல் நீண்டது. முன்னே இழுத்தேன், வரவில்லை.
இன்னும் இழுத்தேன்.
"அடோய், அங்கிள்!"

உணவு கொண்டுபோகும் பெண்.
சைக்கிளை ஒற்றைக் காலில் நிறுத்தி
மழைக்கோட்டின் தலைமூடியைப் பிடித்தபடி.
ஹஸ்லிண்டா என்று பிறகு சொன்னாள்.
நனைந்த நீலத் துணி மடிப்பில்
அரிசியளவு கறுப்பை இருவரும் தேடினோம்.
போக வேண்டியதற்கு மேலேயே உள்ளே போயிருந்தது முள்.
அவள் பைக்குள் யாருடைய வான்தான் மீயோ
ஆறிக்கொண்டிருந்தது.
இன்னும் ஆறு நிமிடம் என்றது கைப்பேசி.

"என்ன பூச்சி இது?"
"ஈ."
"இவ்வளவு சின்னதுக்கு யார் மாட்டுவாங்க?"
"இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான்."
சிரித்தாளா, மழைக்குக் கண்ணைச் சுருக்கினாளா,
சொல்ல முடியவில்லை.
பல்லால் நூலைக் கடித்தேன்.
"பிடுங்க வேணாம், நேரமில்லை. இருக்கட்டும்."

எங்கள் மொழியில் ஈ என்றால் கொடு என்றும் பொருள்.
அதைச் சொல்லும் அளவுக்கு
என் மலாய் போதவில்லை.

போனாள்.
பனியோடையில் மிதக்க வேண்டிய ஈ
சக்கரம் வாரியிறைக்கும் நீருக்கு மேலே
யீஷூன் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
வெஸ்லிக்கு எழுத வேண்டும்:
வாய்க்குத்தான் கொண்டுபோனேன்,
காதோரம் தைத்துவிட்டது.

நூலைச் சுருட்டாமல் விட்டிருந்தேன்.
கடித்த இடம் சற்றே சுருண்டு
கொக்கியில்லாத முனை நுரையில் கிடந்தது.
பெட்டியைத் திறந்தேன். விரல் மரக்கவில்லை,
வேர்த்திருந்தது.
அடுத்து எந்த ஈ என்று குனிந்திருக்கையில்
ஆலிவ் நிறத்தில் ஒன்று, வாலில் கண் வரைந்தது,
அடியிலிருந்து எழும்பி
வெறும் முனையை வாய்க்குள் இழுத்து
கொஞ்சம் யோசித்து
துப்பிவிட்டுப் போனது.